டி டிரைவை மட்டும் நம்பி ஃபார்மட் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ‘புது விண்டோஸ் போட்டுக் கொடுங்கள்’ என்று ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் கடைகளுக்குக் கணினிகள் வந்தபடி இருக்கின்றன. சிலர் 11-க்கு மாறுகிறார்கள். 11 ஏறாத பழைய கணினியில், விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸ் போடச் சொல்பவர்களும் உண்டு. ‘ஃபைல் எல்லாம் எடுத்துட்டீங்களா?’ என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், ‘எல்லாம் டி டிரைவுலதான் இருக்கு, சியை மட்டும் ஃபார்மட் பண்ணுங்க’ என்பதுதான். இந்தப் பதிலை நம்பி வேலையைத் தொடங்குவதால்தான் தேயிலைக் கணக்கும், கல்யாணப் படங்களும், ஹெத்தையம்மன் பண்டிகையில் பதிவு செய்த பாட்டுகளும் திரும்பி வராமல் போகின்றன. கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத உங்கள் நாளிதழில் இடம் வேண்டுகிறோம்.

சி, டி என்று இரண்டு எழுத்து தெரிவதால் உள்ளே இரண்டு டிஸ்க் இருப்பதாக ஆகாது. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கைத்தான் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். டிஸ்க் நன்றாக இருக்கும்போதே டி பறிபோகவும் வழிகள் உண்டு.

முதல் வழி, ஆள் மாறி அழுத்துவது. விண்டோஸ் நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது. ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 2’, ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3’ என்று எண்ணும் அளவும்தான் வரும். 500 ஜிபி என்று விற்ற டிஸ்க்கை விண்டோஸ் 465 ஜிபி என்று காட்டும். அதைச் சரிபாதியாகப் பிரித்திருந்தால் இரண்டு வரியிலும் 232 என்றே நிற்கும். எது சி, எது டி என்று ஊகித்து அழுத்தும் நிலை வரக்கூடாது. முந்தைய நாளே விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைத் திறந்து, பிரிவுகளின் வரிசையையும் அளவையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். டி-க்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயரும் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெயர் நிறுவும் திரையிலும் தெரிந்தால் குழப்பம் பாதி தீரும்.

இரண்டாவது வழி இன்னும் மோசமானது. விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் 11 கேட்பது யூஇஎஃப்ஐ என்ற, கணினியைத் தொடக்கும் புதிய முறை. அதற்கு டிஸ்க் ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். நிறுவப் போகும்போது, ‘இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது, இதில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது’ என்று திரை மறுத்துவிடும். அவசரத்தில் வேலை செய்பவர் அப்போது டிஸ்க்பார்ட் கட்டளையைத் திறந்து ‘கிளீன்’ கொடுத்துவிடுவார். அந்தக் கட்டளைக்குச் சி, டி என்ற வேறுபாடு தெரியாது, முழு டிஸ்க்கின் அட்டவணையையும் நீக்கிவிடும். தகவலை அழிக்காமல் முறையை மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. ஆனால் பிரைமரி பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, எக்ஸ்டென்டட் பிரிவுக்குள் லாஜிக்கல் டிரைவ் இருந்தாலோ அது வேலை செய்யாது. பழைய கணினிகளில் டி டிரைவ் பல நேரம் அந்த லாஜிக்கல் வகைதான். ஆகவே கருவியும் கைவிடும், கடைசியில் ‘கிளீன்’தான் மிஞ்சும். ‘சியை மட்டும்’ என்று சொல்லிக் கொடுத்தாலும் டி போய்விடுவதற்கு முக்கியக் காரணம் இது.

மூன்றாவது, புதிய லேப்டாப்களில் வரும் சிக்கல். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த பல லேப்டாப்களில், டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் இது இன்னும் பரவலாகிவிட்டது. இயங்குவது உரிமையாளருக்கே தெரியாது, ஏனென்றால் அன்றாட வேலையில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. டி-யைத் தானாகத் திறக்கும் சாவி சி-யில்தான் இருக்கும். சி-யை ஃபார்மட் செய்தபின் டி-யைத் தொட்டால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் எந்தக் கடையிலும் திறக்க முடியாது. அமைப்புகளில் ‘பிரைவசி அண்டு செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்த 48 இலக்கங்களையும் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே கணினியில் ஃபைலாகச் சேமித்து வைத்தால் பயனில்லை.

கணினியிலிருந்து கழற்றி மேசை மேல் வைக்கக்கூடிய வேறொரு டிஸ்க்கில் இருப்பதைத்தான் பேக்கப் என்று சொல்ல முடியும். நிறுவும் வேலை நடக்கும்போது அந்த டிஸ்க் செருகியிருக்கவும் கூடாது. செருகியிருந்தால் நிறுவும் திரையில் அதுவும் ‘டிஸ்க் 1’ என்று வரிசையில் வந்து நிற்கும்.

அடுத்தது, எதை எடுப்பது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் இவை நான்கும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். டெஸ்க்டாப் சி டிரைவில்தான் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது, அது போகட்டும். ஒன்டிரைவ் இயங்கும் கணினியில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்த்தப்பட்டிருக்கலாம். பழைய இடத்தில் தேடினால் காலியாக இருக்கும், ‘இங்கே எதுவும் இல்லை’ என்று விட்டுவிடுவார்கள். சில ஃபைல்களின் மேல் மேகக் குறி இருந்தால் அவை கணினியில் இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கின்றன. ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபி, கூகுள் தருவது 15 ஜிபி. இடம் நிறைந்தபின் எடுத்த படங்கள் மேலே போயிருக்காது. மேலும் இவை ஒத்திசைவு மட்டுமே. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

யூசர்ஸ் ஃபோல்டருக்குள் ஒருவர் பெயர் மட்டும் இருப்பதில்லை. வீட்டில் மகளுக்கென்று தனிக் கணக்கு வைத்திருந்தால் அவருடைய படிப்பு ஃபைல்கள் அவர் பெயரில் இருக்கும். ‘பப்ளிக்’ என்ற ஃபோல்டரை யாரும் திறப்பதேயில்லை, ஆனால் கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலிபிரைம் தன் கணக்கைப் பெரும்பாலும் அங்கேதான் வைக்கிறது. இலை வாங்கும் ஏஜென்ட், சிறு தொழிற்சாலை, மளிகைக் கடை, காய்கறி மண்டி என்று இங்கே டேலி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையிலேயே டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று தெரியும். எண்களால் பெயரிட்ட ஃபோல்டர்கள் அங்கே இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. டேலியின் பேக்கப் வசதியில் ஒரு பிரதி எடுங்கள், டேலியை மூடிவிட்டு அந்த டேட்டா ஃபோல்டரை அப்படியே இன்னொரு பிரதியாகவும் எடுங்கள். டேலியின் எந்த ரிலீஸ், அதாவது எந்தப் பதிப்பு, என்பதை எண்ணோடு குறித்து வையுங்கள். புதிய ரிலீஸுக்கு மாற்றிய கணக்கைப் பழைய ரிலீஸ் திறக்காது. ஃபார்மட் போடும் முன் லைசென்ஸை அந்தக் கணினியிலிருந்து விடுவிக்கும் ‘சரண்டர்’ செய்துவிட்டால், புதிய இடத்தில் மீண்டும் இயக்கும்போது தொல்லை இருக்காது.

உள்ளூரில் எழுதி வாங்கிய பில்லிங் சாஃப்ட்வேர்கள்தான் அதிகம் ஏமாற்றுபவை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எழுதியவை புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே கணக்கை எழுதும். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அந்த இடத்தில் எழுத அனுமதிப்பதில்லை. ஆனால் நிரல் நின்றுவிடக்கூடாது என்பதற்காக, எழுதுவதைச் சத்தமில்லாமல் பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைந்த ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் ஃபைல் நிறுவிய நாளில் இருந்தபடியே கிடக்கும், அன்றாடக் கணக்கு விர்ச்சுவல்ஸ்டோரில் சேர்ந்துகொண்டிருக்கும். முதலாவதை மட்டும் பிரதி எடுத்தவர் புதிய விண்டோஸில் திறந்து பார்க்கும்போது சில ஆண்டுகள் பின்னால் போயிருப்பார். ஃபைலின் ‘மாற்றிய தேதி’ நேற்றையதாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் எளிய வழி. எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் இயங்கும் சாஃப்ட்வேர் என்றால் அதன் ஃபைலை இயங்கும்போது பிரதி எடுக்க விடாது. சாஃப்ட்வேரிலேயே பேக்கப் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சர்வீஸை நிறுத்திவிட்டு எடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு இழப்பு காத்திருக்கிறது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோட், டேஸ்16 என்ற எழுத்துக் குறியீட்டு முறைகளைத் தரமாக ஏற்றது. ஆனாலும் நோட்டீஸ், பத்திரிகை அச்சடிக்கும் கடைகளிலும், சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களிலும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் குவிந்து கிடக்கின்றன. இவற்றில் ஃபைலுக்குள் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல, ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைகிறது. ஃபார்மட் போட்டால் எழுத்துரு போய்விடும். ஃபைலைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். உரிமையாளர் ‘ஃபைல் கெட்டுவிட்டது’ என்று நினைத்து அழித்தே விடுவார். ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்துருவைத் திரும்பப் போட்டால் போதும். ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் முழுவதையும் பிரதி எடுங்கள். விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளிலிருந்து, ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அங்கே சேராமல், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் தனியாக இருக்கும். அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஸ்ரீலிபி போன்றவற்றுக்கு டாங்கிள் என்ற, கணினியில் செருகும் உரிமச் சாவி இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பேஜ்மேக்கர், கோரல் டிரா ஃபைல்களில் முக்கியமானவற்றை ஒரு பிடிஎஃப் ஆகவும் மாற்றி வைத்தால் எழுத்துரு உள்ளேயே பொதிந்துவிடும். பிறகு திருத்த முடியாது, படிக்கவும் அச்சிடவும் முடியும். என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை என்று எதில், எந்த விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் அந்த விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. குரோம் ஃபோல்டரை முழுசாகப் பிரதி எடுத்தாலும் புதிய விண்டோஸில் அவை திறக்காது. கூகுள் கணக்கோடு ஒத்திசைவு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் பாஸ்வேர்ட் மேனேஜரிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்த ஃபைல் யாரும் படிக்கும்படி வெறும் எழுத்தாக இருக்கும், ஆகவே வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும், கடைக்காரர் கையில் கொடுக்கக்கூடாது. ஃபயர்ஃபாக்ஸில் புரொஃபைல் ஃபோல்டரை எடுத்தால் கடவுச்சொல்லும் சேர்ந்தே வரும். அவுட்லுக்கில் பாப் முறையில், அதாவது கணினிக்கே இறக்கி, அஞ்சல் வாங்குபவர்களின் கடிதங்கள் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். அவுட்லுக்கை மூடிவிட்டு, கடிதங்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைலை எடுங்கள். ஓஎஸ்டி ஃபைல் சர்வரில் உள்ளதன் நகல்தான், அதை எடுத்து வைப்பதால் பயனில்லை. ஸ்டிக்கி நோட்ஸில் தொலைபேசி எண்களை எழுதி வைப்பவர்கள் அவற்றை ஒரு டாக்குமென்டில் ஒட்டிவிடுவதே சுலபம். ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையொப்பம் யூஎஸ்பி டோக்கனில் இருந்தால் ஃபார்மட் அதைத் தொடாது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை மட்டும் மறுபடி நிறுவ வேண்டும்.

எந்த டிஸ்க்கில் எடுப்பது? 32 ஜிபி வரையிலான பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் வருகின்றன. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது, கல்யாண வீடியோவும் பெரிய பிஎஸ்டியும் அங்கேயே நின்றுவிடும். எக்ஸ்ஃபேட்டில் அந்த வரம்பு தடையில்லை. ஆனால் எழுதும்போது கரன்ட் போனால் தன்னைச் சரிசெய்துகொள்ளும் பதிவேடு அதில் இல்லை, என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் விழுந்து மின்கம்பி அறுவது வழக்கம் என்பதால், இந்த மலைக்கு என்டிஎஃப்எஸ் டிஸ்க்கையே பரிந்துரைக்கிறோம். சிறிய யூபிஎஸ் டெஸ்க்டாப் கணினியை நிமிடக் கணக்கில்தான் தாங்கும், பிரதி எடுக்கும் நேரம் முழுவதும் தாங்காது. கரன்ட் போனால் அந்த நிமிடங்களைப் பிரதியை நிறுத்தி முறையாக அணைக்கப் பயன்படுத்துங்கள். மிகக் குறைந்த விலைக்கு ‘2 டிபி’ என்று விற்கும் பென் டிரைவ்களை வாங்கவே வேண்டாம். உள்ளே 32 அல்லது 64 ஜிபி சில்லு வைத்து, கண்ட்ரோலரைப் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். எழுதும்போது எந்தப் பிழையும் காட்டாது. திறக்கும்போதுதான் முதல் சில ஜிபிக்கு மேல் எதுவும் இல்லை என்று தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவசக் கருவியால் முழு அளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். யூஎஸ்பி 2.0 துளையில் நொடிக்குச் சுமார் 30 எம்பி போகும் என்று வைத்தால் 100 ஜிபிக்கு ஒரு மணி நேரம். ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் என்றால் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கும் ஆகலாம். அதே 100 ஜிபியை 5 எம்பிபிஎஸ் வேகத்தில் இணையத்துக்கு ஏற்றினால் இடைவிடாமல் 44 மணி நேரம் ஆகும். ‘கிளவுடில் போட்டுவிடலாம்’ என்று காலையில் தொடங்கி மாலையில் ஃபார்மட் போட நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை டெஸ்க்டாப் கணினியின் பின்பக்கத் துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளையிலும் யூஎஸ்பி ஹப்பிலும் மின்சாரம் குறைந்து, பாதியில் இணைப்பு அறுவது உண்டு.

சாதாரணமாக இழுத்துப் போட்டுப் பிரதி எடுத்தால் ஏதோ ஒரு ஃபைலில் பிழை வந்து நின்றிருக்கும், அல்லது ‘ஸ்கிப்’ அழுத்தியது எது என்று தெரியாமல் போகும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளை நல்லது. துணை ஃபோல்டர்களைச் சேர்க்கும் ‘இ’ (/E), இணைப்பு ஃபோல்டர்களை விலக்கும் ‘எக்ஸ்ஜே’ (/XJ), நடந்ததைப் பதிவு செய்யும் லாக் (/LOG) விருப்பம் மூன்றையும் கொடுங்கள். ‘எக்ஸ்ஜே’ இல்லையென்றால் பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் பழைய பெயர் இணைப்புகளில் நுழைந்து அதே ஃபோல்டரை மீண்டும் மீண்டும் பிரதி எடுத்துக்கொண்டே போகும். மறுமுயற்சி எண்ணையும் 1 என்று (/R:1) குறைத்தாக வேண்டும். ஒன்றும் கொடுக்காவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலுக்கு 30 நொடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயல்வது அதன் இயல்பு. ‘மிர்’ (/MIR) என்ற விருப்பத்தைத் தொடவே வேண்டாம். மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழித்துவிடும். ஏற்கெனவே பழைய பேக்கப் இருக்கும் டிஸ்க்கில் இடம் மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போச்சு.

முடிந்ததும் இரண்டு பக்கமும் வலச்சொடுக்கிப் பிராப்பர்டீஸில் ஃபைல் எண்ணிக்கையையும் பைட் அளவையும் ஒப்பிடுங்கள். அதோடு நிற்காமல், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் செருகி, வகைக்கு ஒன்றாகத் திறந்து பாருங்கள். ஒரு படம், ஒரு நீள வீடியோவின் கடைசிப் பகுதி, ஒரு எக்செல், டேலி பேக்கப்பை ரீஸ்டோர் செய்து நேற்றைய பதிவு, ஒரு பாமினி ஃபைல். அதே கணினியில் திறந்து பார்த்தால் போதாது. அங்கே எழுத்துருவும் சாஃப்ட்வேரும் சாவியும் எல்லாம் இருப்பதால் எதுவும் குறை தெரியாது. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும். இதை முடிக்காமல் ஃபார்மட் பொத்தானில் கை வைக்கக்கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

விண்டோஸே திறக்கவில்லை என்றாலும் எடுக்க வழி இருக்கிறது. விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பியிலிருந்து கணினியை இயக்கி, முதல் திரையில் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் நோட்பேட் என்று தட்டினால் நோட்பேட் திறக்கும். ஃபைல், ஓப்பன் போய், ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் எல்லா டிரைவும் தெரியும். அங்கேயே வலச்சொடுக்கிக் காப்பி, பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராது, திரை உறைந்தது போல் இருக்கும். பொறுத்திருக்க வேண்டும். டிரைவ் எழுத்துகளும் அங்கே மாறியிருக்கலாம் என்பதால் உள்ளே திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். லினக்ஸ் வகையான உபுண்டு உள்ள யூஎஸ்பியிலிருந்து இயக்கியும் எடுக்கலாம். விண்டோஸ் முழுதாக அணையாமல் இருந்தால் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும். எடுப்பதற்கு அது போதும், வலுக்கட்டாயமாக எழுதும் நிலைக்கு மாற்ற வேண்டாம். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ கருவி மஞ்சளோ சிவப்போ காட்டினாலோ, பிழை திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டாதீர்கள். மிக முக்கியமான ஃபோல்டரை முதலில் எடுங்கள், அடுத்ததைப் பிறகு பார்க்கலாம்.

லினக்ஸுக்கு மாறுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லினக்ஸ் டிஸ்க்குகளில் வழக்கமான எக்ஸ்ட்4 முறையில் ஃபைல் பெயரின் நீளம் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘கோத்தகிரி’ என்ற சொல்லே 9 குறிகள், 27 பைட். 85 குறிக்கு மேல் போகும் நீளமான தமிழ்ப் பெயர் விண்டோஸில் நன்றாக இருந்திருக்கும், லினக்ஸ் டிஸ்க்கில் ஏறாது. பெயரை முன்பே சுருக்கிவிடுங்கள்.

நிறுவத் தொடங்கும் முன் வைஃபை டிரைவரையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11 நிறுவும்போது இணையம் கேட்கும், வைஃபை டிரைவர் இல்லாமல் இணையம் வராது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த சில லேப்டாப்களில், டிஸ்க்கைக் கையாளும் விஎம்டி டிரைவர் கொடுக்காமல் டிஸ்க்கே தெரியாது. அதைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று புதிதாக வாங்கிவிடாதீர்கள். ஆஃபீஸ் 2010, 2013 போன்றவற்றின் சாவி எண் அட்டை எங்கே என்று முன்பே தேடி வைப்பதும் நல்லது.

தவறி அழித்துவிட்டால் ‘ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டால் வந்துவிடும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில், மேலே எதுவும் எழுதாமல் இருந்தால் ஓரளவு வரும். எஸ்எஸ்டியில் ஃபார்மட் ஆனதும் டிரிம் கட்டளை போய், அந்த இடங்களை எஸ்எஸ்டியே உள்ளுக்குள் காலி செய்துவிடும். அதன்பின் பெரும்பாலும் மீட்க எதுவும் மிஞ்சாது. ஃபார்மட் செய்யாமல் மேலேயே நிறுவினால் பழையவை ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரில் இருக்கும் என்பதும் உண்மைதான், ஆனால் சில நாட்களில் அது தானாக நீக்கப்பட்டுவிடும். மேம்படுத்தலுக்குப் பின் அதற்குக் கிடைக்கும் கெடு பத்து நாள்.

பேக்கப் டிஸ்க்கை வைக்கும் இடமும் முக்கியம். பனியும் சாரலும் மாதக்கணக்கில் நிற்கும் வீடுகளில் சிடி, டிவிடிகளில் பூஞ்சை பிடித்துப் படிக்க முடியாமல் போகிறது. அவற்றில் இருப்பதை இப்போதே டிஸ்க்குக்கு மாற்றுங்கள். டிஸ்க்கைக் காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உறைபனி நாளில் குளிர்ந்து கிடந்த டிஸ்க்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால், மேலே ஈரம் படியும். ஒரு மணி நேரம் விட்டுத்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளைப் பார்த்த மாவட்டம் இது. கணினியும் பேக்கப்பும் ஒரே வீட்டில், ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது. இன்னொரு பிரதி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும். புதிய விண்டோஸ் நன்றாக ஓடத் தொடங்கியதும் பேக்கப்பை அழித்துவிட்டு அந்த டிஸ்க்கில் படம் ஏற்றிவிடுகிறார்கள். விட்டுப்போன ஃபைல் ஏதாவது இருந்தால் அது தேவைப்படுவது மார்ச் கணக்கு முடிக்கும்போதுதான். அதுவரையாவது அந்த டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கணினியை வாங்கிக்கொள்ளும்போது கடைகள் கொடுக்கும் ரசீதில் இப்போது மாடலும் பழுதும் மட்டும்தான் எழுதப்படுகின்றன. இயங்குதளம் (ஓஎஸ்) மாற்றும் வேலைக்குத் தனிச் சீட்டு வேண்டும். எந்தெந்தப் பயனர் கணக்கு, டேலி அல்லது பில்லிங் இருக்கிறதா, டேட்டா எந்தப் பாதையில், என்ன எழுத்துரு, என்கிரிப்ஷன் இருக்கிறதா, பிரிவுகள் எத்தனை, அளவு என்ன, பேக்கப் எந்த டிஸ்க்கில், வேறு கணினியில் திறந்து பார்த்தவர் யார் என்று எழுதி, கடைக்காரரும் உரிமையாளரும் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். உரிமையாளருக்குத் தெரியாத வரியைக் கடைக்காரர் கணினியைத் திறந்து பார்த்து நிரப்ப வேண்டும், ‘தெரியாது’ என்று விட்டுவிடக்கூடாது. பிரதி எடுக்கவும் சோதிக்கவும் ஆகும் நேரத்துக்குக் கடைகள் தனிக் கூலி வாங்குவது நியாயம்தான், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும், ஊராட்சி அலுவலகங்களும், பள்ளிகளும் தங்கள் கணினிகளை வெளியே கொடுக்கும்போது இப்படியொரு சீட்டைக் கேட்டு வாங்கத் தொடங்கினால், மற்ற கடைகளும் வழிக்கு வரும் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்போர் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்